29 பாட்டும் 29 கைதும்

போன வாரம் எங்க ஆபீஸ் கேண்டீன்ல நடந்த சண்டையில இருந்து ஆரம்பிக்கிறேன். (ஆபீஸ் என்றதும் எங்க ஊர்க்காரங்க தப்பா நினைக்க வேண்டாம். சிவகாசிப் பக்கம் ஆபீஸுன்னா பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ்தான். எனக்கு வேலை கிடைச்சப்போ எங்க அப்பத்தா கேட்ட முதல் கேள்வி, "சாப்ட்வேரு ஆபீஸ்ல மருந்து கையில படுமாய்யா?" நான் சொல்றது மருந்து கையில படாத ஆபீஸ்.)

நம்ம டீம்ல ஒரு நண்பன். கிடார் வாசிப்பான், நல்லாவே வாசிப்பான். அன்னைக்கு ராபர்ட் ஜான்சன் படம் போட்ட டீ-ஷர்ட் போட்டுட்டு வந்திருந்தான். பேச்சு ப்ளூஸ் பக்கம் போச்சு. பையன் உணர்ச்சிவசப்பட்டு ஒரு ஸ்டேட்மெண்ட் விட்டான்: "மச்சி, கீழ இருந்து, வலியில இருந்து, தனி ஒரு ஆளா எந்திரிச்சு வந்து பாடுறது நம்ம ஊர்ல கிடையாதுடா. நமக்கு ஒண்ணு சபா, இல்லன்னா சினிமா. ரெண்டுக்கும் நடுவுல எதுவுமே இல்ல."

"விஸ்வநாததாஸ் தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"யாரு? ஃப்ரீடம் ஃபைட்டர்தானே? எங்கயோ சிலை பார்த்த ஞாபகம்."

அவனுக்கு முழுசாத் தெரியாமலே இருந்திருந்தாக்கூட எனக்குக் கோபம் வந்திருக்காது. தெரிஞ்ச லட்சணம் இதுங்கறதுதான் கடுப்பு. இந்தப் பதிவு அவனுக்கு மட்டும் இல்லை. 'தியாகி'ன்னு ஒரு பட்டத்தைக் கொடுத்து, வருஷத்துக்கு ஒரு மாலையைப் போட்டு, அந்த மனுசன் ஒரு பாட்டுக்காரன்ங்கறதையே மறக்கடிச்ச நம்ம எல்லாருக்கும் சேர்த்துத்தான்.

முதல்ல டீ-ஷர்ட் ஆசாமி. ராபர்ட் ஜான்சன், மிசிசிப்பிக்காரர். 1936 நவம்பர்ல சான் அன்டோனியோவிலும், 1937 ஜூன்ல டல்லாஸிலும் மைக் முன்னாடி உட்கார்ந்து 29 பாட்டு பாடினார். ஒரே பாட்டை ரெண்டு தடவை பாடினதையும் சேர்த்தா 42 பதிவு. 1938 ஆகஸ்ட் 16-ல செத்துப் போனார், வயசு 27. கதை அங்கேயே முடிஞ்சிருக்கணும். முடியலை. அதே வருஷம் டிசம்பர் 23-ஆம் தேதி நியூயார்க் கார்னகி ஹால்ல ஜான் ஹாமண்ட்னு ஒருத்தர் பெரிய கச்சேரி ஏற்பாடு பண்றார். ஜான்சனைக் கூப்பிட ஆள் அனுப்பினா, ஆளே இல்லைங்கறாங்க. மனுசன் என்ன பண்ணினார் தெரியுமா? அவருடைய இசைத்தட்டை மேடையில போட்டு ஜனங்களைக் கேட்க வச்சார். 1961-ல அந்தப் பாட்டுகள் எல்பியா வந்தது. இங்கிலாந்துல எரிக் கிளாப்டன், கீத் ரிச்சர்ட்ஸ்னு ஒரு தலைமுறையே அதைக் கேட்டு வளர்ந்தது. 1990-ல முழுத் தொகுப்பு வந்து பத்து லட்சத்துக்கு மேல வித்துது. 1994-ல தபால்தலை. அந்தத் தபால்தலையில ஒரு கூத்து உண்டு. மூலப் படத்துல ஜான்சன் வாயில ஒரு சிகரெட் தொங்கும். அரசாங்கம் மரியாதை பண்ணும்போது அந்த சிகரெட்டை மட்டும் அழிச்சிட்டாங்க.

இந்த சிகரெட்டை ஞாபகம் வச்சுக்கோங்க. நம்மாளுக்கு மரியாதை பண்ணும்போது என்னத்தை அழிச்சோம்னு அப்புறம் சொல்றேன்.

இப்போ நம்ம ஊர். விஸ்வநாததாஸ் பிறந்தது சிவகாசியில, 1886 ஜூன் 16. சிவகாசியில அப்போ பட்டாசும் கிடையாது, தீப்பெட்டியும் கிடையாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தது 1920-கள்ல. அதுக்கு முன்னால இது கரிசல்காடு, பருத்தி, கம்பு, வெயில். அவ்வளவுதான். பிழைச்சு வாழ்ந்தது திருமங்கலத்துல. பிறந்த சாதி, ஊர் சவரம் பண்ணும், பிரசவம் பார்க்கும், கல்யாணத்துக்கும் சாவுக்கும் மேளம் வாசிக்கும் மருத்துவர் சாதி. நம்ம பக்கத்துக் கிராமங்கள்ல நாதஸ்வரம் யார் கையில இருந்துச்சுன்னு பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. இசை அந்த வீடுகளுக்கு வெளியில இருந்து வந்த சமாச்சாரம் இல்லை. ஆனா அதே வீட்டு ஆளை எங்க நிறுத்தி வச்சுக் கூலி கொடுத்தாங்கன்னும் சேர்த்துக் கேளுங்க.

நாடக மேடைக்கு வந்தார். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிக் கொடுத்த வள்ளி திருமணம், கோவலன் மாதிரி நாடகங்கள் தென்மாவட்டம் முழுக்க ஓடிக்கிட்டிருந்த காலம். ஸ்பெஷல் நாடகம்னு சொல்வாங்க. பார்க்காதவங்களுக்கு ரெண்டு வரி: இது கம்பெனி நாடகம் மாதிரி ஒரே குழு இல்லை. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். தனித்தனியா பேசி, முன்பணம் கொடுத்து ஒரு ராத்திரிக்குக் கூட்டி வருவாங்க. ஒத்திகையே கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல ஆரம்பிச்சு விடியிற வரைக்கும் போகும். கதை எல்லாருக்கும் தெரியும், மெட்டுகள் தெரியும், மிச்சம் மேடையில அந்த நேரத்துக்குத் தோணுறதுதான். தர்க்கம்னு ஒண்ணு வரும். ரெண்டு பேர் பாட்டாலேயும் வசனத்தாலேயும் மோதிக்குவாங்க. யாரு மடக்குறாங்களோ அவங்களுக்குக் கைதட்டு. மைக் இல்லாத காலத்துல கடைசி வரிசைக்குப் பின்னாடி மாட்டு வண்டியில படுத்துக்கிட்டுப் பார்க்கறவனுக்கும் கேட்கணும். உச்ச ஸ்தாயியில பாடியே ஆகணும். ஒத்திகை இல்லாம, முன்பின் தெரியாத பக்கவாத்தியத்தோட, ராத்திரி பூரா. ஜாம் செஷன்னு டீ-ஷர்ட் நண்பன் வாய் கிழியப் பேசுவானே, அதை எங்க ஆளுங்க கோயில் கொடைக்குக் கோயில் கொடை செஞ்சுக்கிட்டு இருந்தாங்க.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். வள்ளி திருமணத்துல வள்ளி தினைப்புனத்துல பரண் மேல நின்னு, கவண் கல்லை வச்சுக்கிட்டு, ஆலோலம் பாடிப் பறவை விரட்டுவா. ஆலோலம்ங்கறது என்ன? காட்டுல வேலை செய்யறவன் போடுற கூப்பாடு. அமெரிக்காவுல ப்ளூஸ் எங்கிருந்து வந்துச்சுன்னு எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் முதல் சில பக்கத்துலயே இதைத்தான் சொல்வான். பருத்திக் காட்டுல கறுப்பினத் தொழிலாளி தனியா நின்னு நீட்டி முழக்கிப் போடுற கூப்பாடு. அங்கயும் பருத்திக்காடு, இங்கயும் பருத்திக்காடு. கரிசல் மண்ணு பார்த்தவனுக்கு இதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

அந்த ஆலோலத்துலதான் தாஸ் கை வச்சார். தினையைத் தின்ன வர்ற பறவைக் கூட்டத்துல வெள்ளைக் கொக்கைப் புகுத்தினார். கடல் தாண்டி வந்து நம்ம விளைச்சலைத் தின்னுட்டுப் போற கொக்கு. மேடையில நடக்கிறது புராணம். டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருக்கிற மஃப்டி போலீசுக்கும் தெரியும் அது கொக்கு இல்லைன்னு. ஆனா ரிப்போர்ட்ல என்னன்னு எழுதுவான்? 'எதிரி கொக்கை விரட்டினார்'னா? :-) மிசிசிப்பியில சார்லி பேட்டன் 1929-ல பருத்தியைத் தின்னும் வண்டைப் பத்தி ஒரு பாட்டு பதிவு பண்ணினார். எந்த வேலி போட்டாலும் நிக்காத, துரத்தினாலும் வேற ஊருக்குப் போய்க்கிட்டே இருக்கிற அந்த வண்டு வெறும் வண்டு இல்லைன்னு இன்னைக்கு வரைக்கும் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுறாங்க. எங்க ஊர்க் கொக்குக்கு ஆராய்ச்சி எங்கப்பா?

முழுக்க இல்லைன்னும் சொல்ல முடியாது. தியடோர் பாஸ்கரன் 1981-லயே 'தி மெசேஜ் பேரர்ஸ்'னு ஆங்கிலத்துல ஒரு புத்தகம் போட்டார். நாடகமும் சினிமாவும் தேசிய அரசியலைச் சுமந்துக்கிட்டுப் போனதைப் பத்தி. நம்ம நாடகக்காரங்களைப் பத்தி ஒழுங்கா எழுதின சில பேர்ல அவர் முக்கியமானவர். படிக்காதவங்க தேடிப் படிங்க. அதுக்கப்புறம் சூசன் சைஸர்னு ஒரு அம்மா அமெரிக்காவுல இருந்து வந்து ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களோட சுத்தி 2005-ல ஒரு புத்தகம் எழுதினாங்க. தலைப்புலயே 'களங்கம்'ங்கற பொருள்ல ஒரு வார்த்தை இருக்கும். நாடகக்காரன்னா ஊர்ல எப்படிப் பார்ப்பான்னு அந்த ஒரு வார்த்தையிலேயே இருக்கு.

சரி, கைது. 29 தடவை கைதானார்னு வழக்கமாச் சொல்றாங்க. வெள்ளைக்காரன் 1876-லயே நாடகச் சட்டம்னு ஒண்ணு போட்டு வச்சிருந்தான், பிடிக்காத நாடகத்தைத் தடை பண்றதுக்கு. தாஸ் மேடையில முருகனா வந்து, கதர் கட்டிக்கிட்டு, கதைக்கு நடுவுல ஜாலியன்வாலா பாக் படுகொலையைப் பத்திப் பாடுவார். மேடையை விட்டு இறங்கினா போலீஸ். வெளியே வந்தா மறுபடி மேடை. மகனும் பாடிக் கைதானார். டீ-ஷர்ட் நண்பனுக்கு நான் போட்ட கணக்கு இதுதான்: உன் ஆளு 29 பாட்டு பாடினாரு, எங்க ஆளு 29 தடவை உள்ள போனாரு. உன் ஆளோட 29-ம் இன்னைக்குப் போன்ல ஒரு தட்டு தட்டினா கேட்கும். எங்க ஆளோட 29 மேடைப் பேச்சுல ஒரு புள்ளிவிவரம்.

அவருடைய குரலை நான் கேட்டதில்லை. எங்க அப்பா கேட்டதில்லை. எங்க தாத்தா ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதினவர். ஸ்பெஷல் நாடகம்னா உயிர். அவரும் கேட்டதில்லை. தாத்தாவோட அப்பா கேட்டிருக்கார். "தொண்டை இல்லடா அது, சங்கு"ன்னு அவர் சொன்னதை தாத்தா எங்கிட்ட சொன்னார். என்கிட்ட இருக்கிற ஆவணம் மொத்தமும் இவ்வளவுதான். மூணாங்கை வாய்வழிச் செய்தி. செங்கோட்டைக் கிட்டப்பா 1933-ல இருபத்தேழு வயசுல செத்துப் போனார், ஜான்சன் செத்த அதே வயசு. ஆனா இசைத்தட்டு இருக்கு, அதனால கிட்டப்பா இன்னும் பாடிக்கிட்டு இருக்கார். நான் கேட்டு மெய்சிலிர்த்திருக்கேன். இசைத்தட்டு யாரைக் காப்பாத்துச்சு, யாரை விட்டுருச்சுங்கறது ஒரு பெரிய அரசியல்.

சில தேதிகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்கிறது எனக்கு ஒரு வியாதி (டேட்டாபேஸ் வேலை பார்த்தா வரும்). 1938 ஜூன் 16, தாஸோட 52-வது பிறந்தநாள். அன்னைக்குத்தான் சென்னை வானொலி நிலையம் ஒலிபரப்பை ஆரம்பிச்சுது. நடத்துறவன் வெள்ளைக்காரன். கொக்குப் பாட்டுக்காரனுக்கு அங்க நாற்காலி போட்டிருப்பானான்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. 1940 டிசம்பர் 31, தாஸ் செத்த நாள். சென்னை ராயல் தியேட்டர்ல வள்ளி திருமணம், முருகன் வேஷத்துல மயில் மேல உட்கார்ந்து பாடிக்கிட்டிருக்கும்போதே உயிர் போச்சு. டிசம்பர் கடைசி வாரம். அதே ஊர்ல சபாக்கள்ல மார்கழி இசை விழாக் காலம். ஒரு ஊர், ஒரு மாசம், ரெண்டு உலகம். அதுக்கப்புறம் எட்டே மாசத்துல, 1941 ஆகஸ்ட்ல, ஆலன் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் ஒலிப்பதிவு எந்திரத்தை வண்டியில ஏத்திக்கிட்டு மிசிசிப்பியில ஒரு பருத்திப் பண்ணைக்குப் போய், டிராக்டர் ஓட்டிக்கிட்டிருந்த ஒரு ஆளைப் பாட வச்சுப் பதிவு பண்றாங்க. அனுப்பினது அமெரிக்க நாடாளுமன்றத்தோட நூலகம். அந்த டிராக்டர் டிரைவர்தான் மடி வாட்டர்ஸ்.

அமெரிக்காக்காரன் ரொம்ப நல்லவன்னு சொல்ல வரலை. அந்தப் பண்ணையில அப்போ நிறவெறிச் சட்டம் அமல்ல இருந்துச்சு. பாட்டைப் பதிவு பண்ணின பல கம்பெனிகள் பாடினவனுக்குச் சில்லறையைக் கொடுத்து அனுப்பிச்சாங்க. ஆனா பின்னாடி வந்தவங்க அந்த இசையை இசைன்னு எடுத்துப் பேசினாங்க. எந்தத் தந்தியை எப்படி இழுத்தான், குரலை எங்க உடைச்சான், யார்கிட்ட இருந்து எடுத்தான், யாருக்குக் கொடுத்தான். ஜான்சன் நாற்சந்தியில சாத்தானுக்கு ஆத்மாவை வித்துத்தான் கிடார் கத்துக்கிட்டார்னு ஒரு கதை உண்டு. அந்தக் கதையையும் விடாம, அதே நேரம் ஐக் ஸிம்மர்மன்னு ஒருத்தர்கிட்ட கல்லறைத் தோட்டத்துல உட்கார்ந்து ராப்பகலாப் பழகினார்ங்கற உண்மையையும் தோண்டி எடுத்தாங்க. நாம மயில் மேல செத்ததை மட்டும் பிடிச்சுக்கிட்டோம். சாவைப் பத்திப் பேசுறது சுலபம், மாலை போட்டா முடிஞ்சது. பாட்டைப் பத்திப் பேசணும்னா உட்கார்ந்து வேலை செய்யணும்.

இணையத்துல தாஸைப் பத்தித் தேடிப் பாருங்க. ஒரே கட்டுரைதான் ஐம்பது இடத்துல. 1911-ல காந்தி தூத்துக்குடி வந்தப்போ தாஸின் பாட்டைக் கேட்டு மெச்சினார்னு சில பக்கங்கள்ல இருக்கும். ஐயா, காந்தி தென்னாப்பிரிக்காவுல இருந்து இந்தியா திரும்பினதே 1915 ஜனவரியில. 1911-ல அவர் எப்படித் தூத்துக்குடியில பாட்டுக் கேட்பார்? தூத்துக்குடிக்கு அவர் வந்து பேசினது 1919 மார்ச்ல. ஒருத்தன் தப்பா எழுதினதை அத்தனை பேரும் காப்பி-பேஸ்ட் பண்ணி, கடைசியில ஒரு வாக்கியம் 'இத்தகைய தியாகியை நாம் மறக்கலாமா?' மறக்கலாமாவா? தேதியைச் சரிபார்க்கக்கூட மெனக்கெடலைன்னா அதுக்குப் பேரு என்ன?

'தியாகின்னு சொல்றதுல என்னய்யா தப்பு?'ன்னு சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும். தப்பே இல்லை. அவர் தியாகிதான். கடன்ல கஷ்டப்பட்டுச் செத்த தியாகி. ஆனா தியாகின்னு மட்டும் சொன்னா ஒரு வசதி இருக்கு. தியாகியோட எதிரி வெள்ளைக்காரன். அவன் 1947-ல கப்பல் ஏறிட்டான். கதை சுபம். பாட்டுக்காரன் விஸ்வநாததாஸ்னு சொல்லிப் பாருங்க, எதிரி வேற ஆளா மாறுவான். இவர் நாவிதர் சாதின்னு சொல்லி, இவரோட ஜோடியா நடிக்க மாட்டோம்னு மறுத்த நடிகைகள் இருந்தாங்க. இதெல்லாம் எழுதி வச்ச வரலாறு. யோசிச்சுப் பாருங்க. மேடையில அவர் முருகன். வள்ளியைக் காதலிக்கிற கடவுள். வள்ளி யாரு? குறவர் வீட்டுப் பொண்ணு. சாமி சாதி பார்க்காம கட்டிக்கிட்ட கதையை நடிக்கிறதுக்கு, நடிக்க வந்தவங்க சாதி பார்த்திருக்காங்க. இதைவிடக் கசப்பான ஒரு ப்ளூஸ் பாட்டை எந்த மிசிசிப்பிக்காரன் எழுதிட முடியும்?

ஆக, ஜான்சன் தபால்தலையில சிகரெட்டை அழிச்சாங்க. நாம தாஸ்கிட்ட இருந்து ஆர்மோனியத்தை அழிச்சோம். பக்கத்துல ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் உட்கார்ந்திருந்த அந்த மேடையை அழிச்சிட்டு, ஒத்தை ஆளா கதர்ச் சட்டையோட நிக்க வச்சோம். ஆர்மோனியம் இருந்தா 'கூத்தாடி'. கூத்தாடின்னா அடுத்த கேள்வி 'என்ன ஆளுங்க?' சிலையைப் பார்த்து யாரும் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டாங்க பாருங்க.

இன்னொரு பக்கமும் இருக்கு. அவரை அவருடைய சாதிச் சங்கத்துக்கு மட்டும் நேர்ந்து விட்டுட்டது. ஜூன் 16 வந்தா அந்தச் சமூகத்துக்காரங்க போஸ்டர் ஒட்டுறாங்க. அவங்க ஒட்டாம விட்டிருந்தா இந்த அளவுகூட பேரு மிஞ்சியிருக்காது, அதுக்கு அவங்களுக்குக் கும்பிடு போடணும். ஆனா மத்தவங்க எல்லாம் அந்த போஸ்டரைப் பார்த்துட்டு 'அது அவங்க ஆளு'ன்னு ஒதுங்கிப் போறோம். பெஸ்ஸி ஸ்மித் கல்லறைக்குப் பல வருஷம் கல்லே இல்லாம கிடந்து, 1970-ல கல்லு வைக்கப் பணம் கொடுத்த ரெண்டு பேர்ல ஒருத்தர் ஜானிஸ் ஜாப்ளின். ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு. 'இவ பாட்டுலதான் நான் பாடக் கத்துக்கிட்டேன்'ங்கற கடன். நம்ம சபாக்காரங்களுக்கும் சினிமாக்காரங்களுக்கும் அந்தக் கடன் இல்லையா?

இருக்கு. நிறையவே இருக்கு. 1931-ல வந்த 'காளிதாஸ்', முதல் தமிழ்ப் பேசும் படம். கதை காளிதாசன். நடுவுல டி.பி. ராஜலட்சுமி காந்தியையும் ராட்டையையும் பத்திப் பாடுவார். காளிதாசனுக்கும் ராட்டைக்கும் என்ன சம்பந்தம்? ஒண்ணும் இல்லை. பாட்டு எழுதினவர் மதுரகவி பாஸ்கரதாஸ். நாடக மேடைக்காரர். ஸ்பெஷல் நாடகத்துல கதையை நிறுத்திட்டு ஊர் விஷயத்தைப் பாடுவாங்களே, அந்தப் பழக்கம் அப்படியே திரைக்கு ஏறிடுச்சு. அதுக்கப்புறம் நம்ம சினிமாவுல ஹீரோ கதையை நிறுத்திட்டுக் கட்சிக்கு, கொள்கைக்கு, தனக்கேன்னு பாடாத வருஷம் உண்டா? பாட்டை வச்சு ஆட்சியே பிடிச்ச ஊரு இது. அந்த வித்தையை ஊர் ஊரா, உடம்புல அடி வாங்கி, ஜெயிலுக்குப் போய்ப் பழக்கினவங்கள்ல முன்னால நின்னவர் தாஸ். எங்க விருதுநகர்க்காரர் வசந்தபாலன் 2014-ல 'காவியத் தலைவன்' எடுத்தார். நாடகக் கம்பெனிக் காலம், தேசபக்தி நாடகம், போலீஸ் எல்லாம் வரும். படம் ஓடலை. எனக்கும் அதுல குறை உண்டு, ரொம்ப அழகா இருந்துச்சு. வேர்வை வாடையே இல்லை. ஆனா எடுக்கணும்னு தோணுச்சு பாருங்க ஒருத்தருக்கு, அதுக்கு ஒரு வணக்கம்.

இன்னும் ஒரு விஷயம், சிவகாசிக்காரனா எனக்கு ரொம்ப உறுத்துறது. உங்க வீட்டுச் சுவத்துல தொங்குற சாமி காலண்டர் பெரும்பாலும் எங்க ஊர்ல அடிச்சது. மயில் மேல உட்கார்ந்த முருகன், பின்னாடி மலை, நீல வானம். அந்த மாதிரிப் படத்துக்கெல்லாம் வழி காட்டினவர் கோவில்பட்டி கொண்டையராஜு. அவர் அங்க எப்படி வந்தார் தெரியுமா? நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரையற ஆளா. கம்பெனி கலைஞ்சது, அவர் அங்கயே தங்கிட்டார். அதாவது, நாம காலண்டர்ல கும்பிடுற முருகன் நாடக மேடையில இருந்து இறங்கி வந்த முருகன். மேடையில இருந்த திரைச்சீலை கோடிக்கணக்குல அச்சாகி நாடு பூரா போச்சு. திரைக்கு முன்னாடி நின்னு பாடினவனோட குரல் போன இடம் தெரியலை.

'ஓவரா ஒப்பிடாதே, அடிமை முறையும் சாதியும் ஒண்ணா? ப்ளூஸுல பன்னிரண்டு பார் இருக்கு, இங்க ராகம் இருக்கு'ன்னு கிளம்புறவங்களுக்கு: ஒண்ணுன்னு நான் சொல்லலை. தாஸ் பாடினது ப்ளூஸ் இல்லை. கரகரப்பிரியாவும் விருத்தமும் பார்சி மெட்டும் தெம்மாங்கும் கலந்த நம்ம ஊர்ச் சரக்கு. அதுக்குத் தனிப் பேரும் தனி இலக்கணமும் வேணும். யாராவது உட்கார்ந்து எழுதினாத்தானே வரும்? ஜான்சனை நான் இழுக்கிறது ஒரே காரணத்துக்கு. இல்லாதப்பட்ட ஒரு பாட்டுக்காரனை அவன் பாட்டுக்காக ஞாபகம் வச்சுக்க முடியும்னு அங்க செஞ்சு காட்டியிருக்காங்க.

போன பங்குனியில சாத்தூர் பக்கம் ஒரு கிராமத்துல வள்ளி திருமணம் போட்டாங்க. போயிருந்தேன். நானூறு சேர் போட்டிருந்தாங்க. பபூன் காமெடி முடிஞ்சதும் பாதி காலி. ரெண்டு மணிக்கு மேல மிச்சம் இருந்தது நாப்பது பேர், அதுல முக்கால்வாசி கிழவிகள், மடியில தூங்குற பேரப்பிள்ளைங்க. ஆர்மோனியம் வாசிச்சவருக்கு எழுபது வயசுக்கு மேல இருக்கும். இடைவேளையில டீ குடிக்கும்போது பக்கத்துல போய், "ஐயா, விஸ்வநாததாஸ் பாட்டு எதுவும் வாசிப்பீங்களா?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பார்த்தார். "தம்பி, நீங்க அவுக ஆளுகளா?"ன்னார்.

இல்லைங்கய்யான்னேன்.

"பிறகு எதுக்குக் கேக்கீக?"

பாட்டுக்காகத்தான்னு சொன்னேன். டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு, பெட்டியைத் திறந்து, துருத்தியை மெதுவா அமுக்கி ஒரு மெட்டு வாசிச்சார். வார்த்தை இல்லாம, வெறும் மெட்டு. எங்க வாத்தியாரோட வாத்தியார் தாஸுக்கு வாசிச்சவர், அவர் சொல்லிக் கொடுத்ததுன்னார். முக்கால் நிமிஷம் இருக்கும். நான் போனை எடுத்து ரெக்கார்டு போடறதுக்குள்ள கோயில் பக்கம் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திட்டாங்க. எங்க ஊர்ச் சரக்குதான், நல்லா வெடிச்சுது. பதிவுல வெடிச் சத்தமும், அதுக்கு அடியில எங்கயோ ஆர்மோனியம் மாதிரி ஒண்ணும் கேட்குது. அடுத்த மாசம் லீவு போட்டுட்டு அவர் வீட்டுக்கே போறதா இருக்கேன். இந்தத் தடவை ஒழுங்கான மைக்கோட.

மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடிப் பக்கம் இருக்கிற பதிவர்களுக்கு ஒரு வேலை: உங்க ஊர் நாடக சங்கத்துல வயசான ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர் யாராவது இருந்தா ஒரு சாயங்காலம் போய் உட்காருங்க. வார்த்தை வேண்டாம், மெட்டு போதும். போன்ல இருக்கிற மைக்கே போதும். சுத்துப்பட்டுல திருவிழா இல்லாத நாளாப் பார்த்துப் போங்க.

டிஸ்கி: டீ-ஷர்ட் நண்பனுக்கு அந்த வெடிச்சத்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். ஹெட்ஃபோனைக் காதுல அழுத்திக்கிட்டு நாலு தடவை கேட்டான். ஒண்ணும் பேசலை. சாயங்காலம் கிடாரை எடுத்துட்டு வந்து, "அந்த மூணாவது இடத்துல எங்க போறார்டா அவரு?"ன்னு கேட்டான்.